ஃபீபிக்கு நான் எழுதிக்கொடுத்த கடிதம்

இது நடந்தது. கேட்டவர்களில் பாதிப்பேர் எனக்குக் கண்ணில் கோளாறு என்றார்கள். மீதிப்பேர் யாரோ என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றார்கள். இரண்டும் இல்லை. நான் எதையும் குறித்து வைக்கிற ஆள். வீட்டுக்கு யார் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, எல்லாம் ஒரு குறிப்புப் புத்தகத்தில் இருக்கும். அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒன்றையும் கூட்டி எழுதவில்லை.

நாள் 2024 டிசம்பர் 4, புதன்கிழமை. இடம் ரொரன்ரோவின் கிழக்கு ஓரம், ரூஜ் ஆற்றுப் பக்கம், எங்கள் வீடு. நேரம் பின்னேரம் 4.52 முதல் 5.31 வரை. நடுச்சாமம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸால் இறங்கி வந்து ஒரு மணித்தியாலம்தான் இருக்கும்.

என் வேலையை முதலில் சொல்லவேண்டும். கலியாணம் கட்டி, கணவனையோ மனைவியையோ கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்கிறவர்களுக்கு நான் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். அந்தக் கலியாணம் உண்மையானது, விசாவுக்காகக் கட்டினது இல்லை என்று இமிக்ரேசனுக்குக் காட்டவேண்டும். அல்பம், போன் பில், ஒருவருக்கொருவர் அனுப்பின செய்திகள், இவற்றோடு தெரிந்தவர்கள் நாலு பேரின் கடிதமும் இருந்தால் நல்லது. ‘இவர்கள் இருவரையும் எனக்குத் தெரியும். இவர்கள் கணவன் மனைவி.’ இந்த இரண்டு வசனத்தை ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுத முடியாமல் எத்தனையோ பேர் தவிக்கிறார்கள். நான் ஊர்காவற்றுறையில் படித்தவள். எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சிஸ்டர், திகதி போடாத கடிதத்தை வாசிக்காமலே திருப்பித் தருவார். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. புதன்கிழமைகளில் நாலு மணி தொடக்கம் ஆறு மணி வரை வீட்டிலேயே இருந்து எழுதுவேன்.

2017இல் ஒரு பிழை விட்டேன். என் சிநேகிதி றஜிதா ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்காக, ‘இவர்களுடைய கலியாணத்துக்கு நானும் போயிருந்தேன்’ என்று என் பெயரிலேயே எழுதிக் கையெழுத்து வைத்தேன். நான் போகவில்லை. எங்கள் ஆக்களுக்குள் அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை, உதவி என்றுதான் நினைப்பார்கள். இமிக்ரேசனிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். மணப்பெண் என்ன நிறச் சேலை உடுத்திருந்தாள் என்று கேட்டாள். சிவப்பு என்றேன். அல்பத்தில் பச்சை. அந்த அல்பமும் ஒரு ஸ்ரூடியோவுக்குள் எடுத்தது. கலியாணமே நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒருவரையும் நம்புவதில்லை. பன்னிரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். மூன்று சாட்சியாவது கண்ணால் பார்க்கவேண்டும். சாட்சி இல்லையென்றால் ஆளைச் சும்மா அனுப்பமாட்டேன். ‘சாட்சி எதுவும் காட்டப்படவில்லை, இவர்கள் கணவன் மனைவி என்று என்னால் சொல்லமுடியாது’ என்று எழுதி, திகதி, பெயர், போன் நம்பர் எல்லாம் போட்டுக் கையில் கொடுப்பேன். ஒரு பிரதி என் ஃபைலில் இருக்கும். நாளைக்கு ‘செலீன் அக்கா எங்களுக்கு எழுதித் தந்தவ’ என்று யாரும் என்னை மாட்டிவிடக்கூடாது பாருங்கள்.

அன்றைக்கு 4.30க்கு என் கணவர் யோசப் போன் எடுத்தார். அவருக்கு மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் வேலை.

“இண்டைக்கு எத்தினை பேருக்குக் கலியாணம் கட்டி வைச்சனீர்?”

“ஒருத்தரும் வரேல்லை. ஸ்னோ கொட்டுது.”

“அப்ப இருக்கிற கலியாணத்தைக் கொஞ்சம் கவனியும். இரவுக்கு என்ன?”

“புட்டு.”

“வேலையால வந்தன் எண்டதுக்குச் சாட்சி காட்டினாத்தானே புட்டு?”

“காட்டினாலும் பாத்துத்தான்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இரண்டு மணிக்குத் தொடங்கிய ஸ்னோ விடவே இல்லை. நாலே முக்காலுக்கு வெளியே நன்றாக இருண்டுவிட்டது.

4.52. கதவில் சத்தம். டொக்… டொக்.

எங்கள் வீட்டில் பெல் இருக்கிறது. அதில் கமராவும் இருக்கிறது. ஆள் படியில் கால் வைத்தாலே என் போன் ‘டிங்’ என்னும். அன்றைக்குப் போன் சத்தம் போடவில்லை. தட்டின சத்தமும் கதவின் கீழ்ப்பாதியில்தான் கேட்டது. குனிந்து நின்று தட்டுவதுபோல.

திறந்தேன். ஒரு கறுப்பினப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். மைனஸ் ஒன்பது குளிரில் ஜக்கெற் இல்லை. கம்பளித் துண்டு ஒன்றால் தோளை மூடியிருந்தாள். காலில் ஆம்பிளைச் சப்பாத்து. ஒரு சப்பாத்து பெரிது. மற்றது அதைவிடப் பெரிது.

“கடிதம் எழுதுகிற பெண் நீங்களா?”

ஆங்கிலத்தில்தான் கேட்டாள். எந்த நாட்டு ஆங்கிலம் என்று என்னால் பிடிக்க முடியவில்லை. எங்கள் தெருவில் ஜமேக்கா ஆக்கள், நைஜீரியா ஆக்கள், எரித்திரியா ஆக்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு எனக்குப் பழக்கம். இவள் பேசியது பழைய செபப்புத்தகத்தை வாசிப்பதுபோல இருந்தது. அவளும் நானும் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

உள்ளே வரச் சொன்னேன். வந்தாள். கூடவே விறகுப் புகை மணமும் வந்தது. வீட்டு ஹீற்றர் ‘கடக்’ என்று நின்றது. 4.53. போன வாரம்தான் ஆளைக் கூப்பிட்டுத் திருத்தியது, அதனால் எரிச்சலோடு நேரத்தைக் குறித்தேன்.

கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். தேத்தண்ணி கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் ஏந்தி வைத்திருந்து, குடிக்காமலே மேசையில் வைத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. என் பேனையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாருக்குக் கடிதம்?”

“முதலாளிக்கு. நானும் ஐசாக்கும் கணவன் மனைவி என்று எழுதவேண்டும்.”

“அது அவருக்கு என்னத்துக்கு?”

“வெள்ளிக்கிழமை விடிய ஐசாக்கைப் படகில் ஏற்றப் போகிறார். வாவிக்கு அந்தப் பக்கம் வேறொருவரிடம். எழுத்துத் தெரிந்த ஒருவர் எங்களைக் கணவன் மனைவி என்று சொன்னால் நிறுத்தி யோசிப்பேன் என்றார். இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது.”

எனக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். வெளிநாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வருகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கொண்டுவந்த முதலாளியிடம்தான் அவர்கள் வேலை செய்யலாம். சில முதலாளிமார் பாஸ்போட்டையும் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். இதுவும் அப்படி ஒன்று. ஆனால் ஒன்ராறியோ வாவியைத் தாண்டி அமெரிக்காவுக்குப் படகிலா? டிசம்பரிலா? எனக்கு மனதுக்குள் இடித்தது. களவாக ஆள் கடத்துகிற கூட்டமாக இருந்தால் என் கையெழுத்து அங்கே போய் நிற்கும்.

குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன்.

பெயர் ஃபீபி. குடும்பப் பெயர் இல்லை. ஐசாக்குக்கும் இல்லை. பிறந்த திகதி தெரியாது. பாஸ்போட் என்றதும் அப்படி ஒரு சொல்லையே கேட்டிராதவள்போல நின்றாள். நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

“கலியாணம் எங்கே நடந்தது?”

“குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். வீட்டுக்காரர்கள் படுத்த பிறகு.”

“யார் கட்டி வைத்தது?”

“குதிரை பார்க்கிற வயசான ஒருவர். அவருக்கு வார்த்தைகள் எல்லாம் பாடம்.”

“குருவானவர் இல்லையா?”

“இல்லை.”

“என்ன வார்த்தைகள்? சொல்லுங்கள் பார்ப்போம்.”

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். இன்பத்திலும் துன்பத்திலும், நோயிலும் சுகத்திலும்… அதுவரைக்கும் சரி. எனக்கும் பாடம்தான். கடைசி வரி வந்தது.

“சாவோ தூரமோ எங்களைப் பிரிக்கும் வரை.”

பேனையை வைத்துவிட்டேன்.

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். தமிழ்ப் பூசையில் ‘வாழ்நாளெல்லாம்’ என்போம். ஆங்கிலத்தில் ‘சாவு பிரிக்கும் வரை’ என்பார்கள். தூரம் ஒன்றிலும் இல்லை. பிரிந்துபோக முன்கூட்டியே வழி வைத்துக் கட்டுகிற கலியாணம் விசாக் கலியாணம் ஒன்றுதான்.

“தூரம் ஏன் வந்தது?”

“அதை நாங்கள் வைக்கவில்லை” என்றாள்.

“அவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்?” இது என் ஆறாவது கேள்வி. பொய்க் கலியாணக்காரர் இதில்தான் தடுமாறுவார்கள்.

“அவர் குதிரை லாயத்தில். நான் குசினித் தரையில்.”

“ஒரே வளவுக்குள் இருந்துமா?”

“விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்தால் விளக்கு வைக்கும் வரை சேர்ந்து இருக்கலாம்.”

சேர்ந்து வாழவில்லை என்று எழுதினேன்.

“அவர் தந்த பொருள் ஏதாவது? மோதிரம்?”

“தருவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.” தன் உள்ளங்கையைப் பார்த்தாள். “காலையில் நான் தண்ணி அள்ளப் போவேன். வாளியின் பிடி இரும்பு. குளிரில் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரியும். நான் போக முதல் ஐசாக் போய் அந்தப் பிடியைத் தன் கையில் வைத்துச் சூடாக்கித் தருவார். அவர் உள்ளங்கை முழுக்கப் புண். அதைச் சாட்சி என்று எழுதலாமா?”

பொருள் இல்லை என்று எழுதினேன்.

“பிள்ளைகள்?”

“ஒன்று. பெண் பிள்ளை.”

“எங்கே?”

“இரண்டு வயதில் கொண்டுபோனார்கள்.”

“யார்?”

“கொண்டுபோக அதிகாரம் உள்ளவர்கள்.”

இந்த நாட்டில் பிள்ளைகளைப் பாதுகாக்கிற ஆக்கள் காரணம் இல்லாமல் பிள்ளையைத் தூக்கமாட்டார்கள். குடியாக இருக்கும், இல்லாவிட்டால் அடியாக இருக்கும். இருந்த கொஞ்ச இரக்கமும் எனக்கு அதோடு போய்விட்டது.

“என்னிடம் போகச் சொல்லி யார் சொன்னது? றஜிதாவா?”

“ஆற்றுக்கு இந்தப் பக்கம் எழுதுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றார்கள்.”

“யார் என்றார்கள்?”

அவள் மறுபடி என் பேனையைப் பார்த்தாள்.

5.20. எழுதித் தரமுடியாது என்று வாயால் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், போகமாட்டாள், எனக்கு மனம் இளகும், பிறகு 2017 மாதிரி மாட்டுவேன் என்று பயந்தேன். அதனால் எப்போதும் எழுதுகிற அந்த வசனத்தையே எழுதினேன். சாட்சி எதுவும் காட்டப்படவில்லை. இவர்கள் கணவன் மனைவி என்று என்னால் சொல்லமுடியாது. திகதி. செலீன். கீழே போன் நம்பர். பிறின்ரரில் ஒரு பிரதி எடுத்தேன்.

அந்த மெஷின் சத்தத்துக்கு அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“எழுதியாயிற்றா?”

“ஓம்.”

“இதை அவரிடம் கொடுக்கவா?”

“கொடுங்கள்.”

“எனக்கு எழுத்துத் தெரியாது. ஒருதரம் வாசித்துக் காட்டுவீர்களா?”

“நேரமாகிவிட்டது. அவர் வாசிப்பார்.”

உள்ளே வைத்துக் கொடுத்தால் இன்னும் நிற்பாள் என்று தாளை நானே கதவடிவரை கொண்டுபோனேன். அவள் வெளியே இறங்கி நின்ற பிறகுதான் நீட்டினேன். வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்போதுதான் முதல்தரம் என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள்.

“ஐசாக்கிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும்” என்றாள்.

5.31. கதவைச் சாத்தினேன். ‘கடக்.’ ஹீற்றர் ஓடத் தொடங்கியது.

5.33. தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் போனேன். மேலே ஆடைபோல ஏதோ. பால் ஆடை என்று நினைத்து விரலால் தொட்டேன். ‘டிக்’ என்று வெடித்தது.

ஐஸ்.

சுவரில் வீட்டு வெப்பம் இருபத்தொன்று என்று இருந்தது.

யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். படியில் மூன்று அங்குலம் ஸ்னோ. வெளி லைற் வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. ஒரு காலடி இல்லை. வந்ததும் இல்லை… போனதும் இல்லை.

போனை எடுத்துக் கமராவில் பதிந்ததை ஓடவிட்டேன்.

4.52. கதவு திறக்கிறது. நான் நிற்கிறேன். முன்னால் ஒருவரும் இல்லை.

என் வாய் அசைகிறது. ஒதுங்கி வழிவிடுகிறேன்… யாருக்கோ.

5.31. கதவு திறக்கிறது. ஒரு தாளை நீட்டுகிறேன்.

என் கை திரும்பி வருகிறது.

கையில் தாள் இல்லை.

நிலத்திலும் இல்லை.

யோசப் வேலையால் வந்ததும் போனைக் காட்டினேன்.

“ஆரோட கதைக்கிறீர்?”

“வந்த பொம்பிளையோட.”

“எந்தப் பொம்பிளை?”

திருப்பி ஓடவிட்டுப் பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். வழக்கமாக எதற்கும் பகிடி விடுகிற மனிசன். அன்றைக்கு விடவில்லை. புட்டையும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை விடிய 6.10க்கு எனக்கு விழிப்பு வந்தது. ரூஜ் ஆறு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அந்தப் பக்கமாக யாரோ ஓடுகிற சத்தம். சப்பாத்துச் சத்தம். ஒரு கால் மற்றதைவிடப் பாரமாக விழுந்தது. தொம்… டப். தொம்… டப்.

“கேக்குதோ?” என்று கேட்டேன்.

“பேசாமப் படும்” என்றார் யோசப். அவரும் முழித்துக்கொண்டுதான் கிடந்தார்.

இதை வீட்டுக்கு வெளியே அப்போது நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. இதை மட்டும் நீங்கள் நினைவில் வைத்திருங்கள்.

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. யோசப்பின் தமக்கையின் மகள் மெலிசா அஜக்ஸிலிருந்து சாப்பிட வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. பழைய காகிதங்களைப் பாதுகாக்கிற ஓர் இடத்தில் வேலை. அந்தக் காலத்துக் கையெழுத்தை வாசித்துக் கொம்பியூற்றரில் அடிப்பாள். சாப்பிட்டு முடிய 1.40க்கு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“மாமி, உங்கட போன் நம்பர் அந்த ஃபோர் வன் சிக்ஸில தொடங்கிறதுதானே? மாத்தேல்லையே?”

“இல்லை. ஏன்?”

“ஒரு வியர்ட் திங். ஐ மீன்… சொன்னா சிரிக்கக்கூடாது.”

தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மங்கிப்போன தாள். சரிந்த கையெழுத்து. ரூஜ் ஆற்றடியில் பண்ணை வைத்திருந்த ஒருவர், வாவிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவருக்கு எழுதிய கடிதம். திகதி 1799 டிசம்பர் 8.

“ஆளை வித்ததுக்கு எழுதின லெற்றர்” என்றாள்.

“ஆளையோ? இஞ்சயோ?”

“ஓம் மாமி. கனடாவிலயும் ஸ்லேவ்ஸ் இருந்தவை. ரொரன்ரோவிலயும். ஒருத்தருக்கும் தெரியாது. அவை கலியாணம் கட்டினாலும் அது கணக்கில்லை, முதலாளி நினைச்சா புருசனை ஒரு பக்கம் பெண்சாதியை ஒரு பக்கம் வித்துப்போடுவான். அதால சில இடங்களில சத்தியம் குடுக்கேக்கயே ‘டெத் ஓர் டிஸ்ரன்ஸ்’ எண்டு மாத்திச் சொல்லுவினமாம். சாவோ தூரமோ. ஸோ சாட், இல்ல?”

யோசப் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணிச் சத்தம் நின்றது.

“வாசி” என்றேன்.

ஆங்கிலத்தில் வாசித்தாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

‘ஐசாக்கை வெள்ளிக்கிழமை படகில் ஏற்றிவிட்டேன். இருவரையும் பிரிக்க எனக்கே தயக்கமாக இருந்தது. இருவரையும் சேர்த்து வைத்திருக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் ஃபீபி ஒரு தாள் கொண்டுவந்தாள். அவர்கள் கணவன் மனைவி என்று சொல்லமுடியாது என அதிலேயே எழுதியிருந்தது. அதோடு என் தயக்கம் தீர்ந்தது. எழுதியவள் செலீன் என்ற ஒரு பெண். இந்தப் பக்கத்தில் அப்படி ஒருவரும் இல்லை. திகதியில் ஆண்டும் ஏதோ தவறு. பெயருக்குக் கீழே பத்து இலக்கங்கள். எனக்கு விளங்கவில்லை. உமக்காவது விளங்குகிறதா பாரும்.’

மெலிசா படத்தைப் பெரிதாக்கினாள்.

நாலு. ஒன்று. ஆறு.

மிச்ச ஏழு இலக்கத்தையும் நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

“கோ-இன்சிடன்ஸ்தானே மாமி?” என்றாள். அவள் குரல் அப்படிச் சொல்லவில்லை.

“முடிஞ்சுதோ?”

“இன்னும் ரெண்டு வரி. அதுக்குப் பிறகு தாள் கிழிஞ்சுபோய்ச்சு.”

“வாசி.”

‘அவள் கேட்டபடி தாளை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அழவில்லை…

எழுதியவளின் பெயரை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.’